மைனர் தின்ற மஞ்சள்

காரைக்குடி செக்காலையில் உபகாரசாமி வீட்டுக்குப் போக விலாசம் எதுவும் தேவையில்லை. "குதிரை டிரைவர் வீடு" என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் நேரே கொண்டுபோய் வாசலில் இறக்கிவிடுவார். குதிரைக்கு எதற்கய்யா டிரைவர் என்று வெளியூர்க்காரர்கள் முழிப்பார்கள். விஷயம் வேறொன்றுமில்லை. மனிதர் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு ஊரில் எல்லாரும் மாடியில் ஒரு ரூம் எடுப்பார்கள், இல்லாவிட்டால் வேளாங்கண்ணிக்குக் குடும்பத்தோடு போய்வருவார்கள். இவர் ஒரு கல்யாணக் குதிரையை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்து கொல்லையில் கட்டினார்.

மனைவி இன்பமேரி அப்போது சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கரண்டியும் கையுமாக வெளியே வந்தவள் குதிரையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"ஏங்க, என்னங்க இது?"

"குதிரை."

"அது தெரியுது. நம்ம வீட்டுல எதுக்கு நிக்கிது?"

"இத்தன வருசமா சனத்தப் பின்னாடி உக்காரவச்சு ஓட்டிட்டேன், மேரி. இனிமே மேளதாளத்தோட முன்னாடி நடக்கப்போறேன்."

அந்தப் பதிலைக் கேட்டு இன்பமேரி கரண்டியோடு அடுக்களைக்குத் திரும்பிவிட்டாள். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அவர் நினைத்தது நடந்தது. இந்தப் பக்கத்துச் செட்டியார் வீட்டுக் கல்யாணங்களில், மாப்பிள்ளை அழைப்புக்கு எத்தனை பெரிய கார் வந்து நின்றாலும், குதிரையில் வந்தால்தான் மாப்பிள்ளை என்று நினைக்கிற வீடுகள் இன்னும் உண்டு. முகூர்த்த மாதம் வந்தால் உபகாரசாமி வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தோளில் சரிகைத் துண்டு என்று மாப்பிள்ளைக்கே போட்டியாகக் கிளம்பிவிடுவார். குதிரையின் பெயர் மைனர். நல்ல வெள்ளை. எத்தனை வெடி வெடித்தாலும், எத்தனை தவில் முழங்கினாலும் காதைக்கூட அசைக்காது. மாப்பிள்ளை ஏறும்போது நாலு காலையும் ஊன்றிக் கல்தூண் மாதிரி நிற்கும்.

மைனர் என்று பெயர் வைத்தால் வயசு ஏறாமலா இருக்கும்? இருபதைத் தாண்டிவிட்டது. போன மார்கழியிலிருந்து மூட்டுப் பிடிப்பு. காலையில் எழுந்திருக்க முன்னங்காலை ஊன்றும், கொஞ்சம் யோசிக்கும், மறுபடி படுத்துவிடும். எழுந்த பிறகும் முதல் நாலு எட்டு மரக்கால் கட்டினாற்போலத்தான் வைக்கும். உபகாரசாமி பக்கத்தில் உட்கார்ந்து அதன் முட்டியைத் தடவிக்கொடுப்பார். வந்த அழைப்புக்கெல்லாம் சாக்குச் சொல்லி அனுப்பினார். ஒருநாள் மனசு கேட்காமல் கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் கீர்த்தியை வீட்டுக்கே அழைத்து வந்தார்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். மைனரின் கால் ஒவ்வொன்றையும் தூக்கி, மடக்கி, நீட்டி, தடவிப் பார்த்தாள். முட்டியைத் தொட்டபோது மைனர் தலையை உதறியது.

"மூட்டுத் தேய்மானம்தான் ஐயா. வயசுக்கு வர்றது. வலிக்கு மருந்து எழுதித் தர்றேன்."

"டாக்டரம்மா, மஞ்சள் குடுத்தா நல்லதுன்னு செல்லுல பாத்தேன். குடுக்கலாமா?"

"தாராளமாக் கொடுங்க. ஆனா கொஞ்சமா ஆரம்பிங்க. வெறும் மஞ்சள் உடம்புல சேராது. ரெண்டு மிளகு தட்டிப் போட்டு, கொஞ்சம் எண்ணெய் விட்டுத் தீவனத்தோட பிசைஞ்சு வைங்க. வீக்கமும் வலியும் கொஞ்சம் குறையலாம். தேஞ்ச மூட்டு புதுசா முளைச்சிராது. தினம் மெதுவா நடக்க விடுங்க. ஒண்ணு மட்டும் மறந்துறாதீங்க ஐயா, இனிமே முதுகுல ஆளை ஏத்தாதீங்க. பாரத்தோட மடங்கி விழுந்துச்சுன்னா இந்த வயசுல எந்திரிக்கிறது கஷ்டம்."

இவ்வளவும் சொன்னாள் அந்தப் பெண். உபகாரசாமியின் காதில் விழுந்தது "தாராளமாக் கொடுங்க" மட்டும்தான்.

அன்றைக்கு ஆரம்பித்தது கூத்து. கொள்ளு வேகவைத்து, கருப்பட்டி தட்டிப் போட்டு, நல்லெண்ணெய் விட்டு, மஞ்சள்தூள் கலந்து பிசைந்து வைப்பார். மைனர் முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளிக்கும். கருப்பட்டியைக் கூட்டுவார். தின்றுவிட்டுத் தலை நிமிர்ந்தால் வெள்ளை மூஞ்சியில் உதடு மட்டும் மஞ்சளாக, கோயில் திருவிழாவில் பொம்மைக்குப் பூசியது மாதிரி இருக்கும். ஒரே வாரத்தில் இன்பமேரியின் அடுக்களை டப்பா காலி. சாம்பார் வெளுத்துப்போய் வந்தது.

"குதிர தின்ன மஞ்சளுக்கு மனுசன் வெள்ளச் சாம்பார் திங்கணும்னு எந்த வேதத்துல எழுதியிருக்கு? தனியா வாங்கி அரச்சுட்டு வாங்க!"

சரிதான் என்று கடையில் விரலி மஞ்சள் வாங்கிக்கொண்டு உபகாரசாமி மில்லுக்குப் போனார். மஞ்சள் அரைக்க வேண்டுமென்றால் விவரம் தெரிந்த பெண்கள் காலையில் மில் திறந்ததும் முதல் ஆளாகப் போய் நிற்பார்கள். மிளகாய் ஓடிய மிஷினில் உடனே மஞ்சளைப் போட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். இவர் போனது மத்தியானம். மில் ஓட்டுகிற பொன்னுத்தாயி அப்போதுதான் யாருடையதோ வற்றல் மிளகாயை அரைத்துக் கொட்டியிருந்தாள். இடமே தும்மிக்கொண்டிருந்தது.

"செத்த இருங்கண்ணே. ஒரு ஈடு அரிசியப் போட்டு ஓட்டி மிஷின சுத்தம் பண்ணிட்டுத்தான் மஞ்சளப் போடணும். அரிசிக்காரவுக இப்ப வந்துருவாக."

பஸ்ஸுக்கு நேரம் பார்த்தே பழகிய மனிதருக்குக் காத்திருக்கத் தெரியுமா? "யாருக்கு, ராசாவுக்கா அரைக்கிற? குதிரைக்குத்தான தாயி. போடு, போடு" என்றார். பொன்னுத்தாயியும் குதிரைதானே என்று போட்டுவிட்டாள். தூள் கொஞ்சம் சிவப்போடி வந்தது. நல்ல ரக மஞ்சள்போல என்று உபகாரசாமி மெச்சிக்கொண்டார்.

மறுநாள் காலை புதுத் தூளை ஒரு கை தாராளமாகவே போட்டு, கருப்பட்டியும் தாராளமாகத் தட்டிப் பிசைந்து வைத்தார். இனிப்பு ஆசையில் மைனர் பாதி சட்டியை ஒரே மூச்சில் உள்ளே தள்ளியது. அப்புறம் நிமிர்ந்தது. கண்ணை உருட்டியது. உதட்டை மேலே தூக்கிப் பல்லைக் காட்டியது. அடுத்த நொடி கயிற்றை அறுத்துக்கொண்டு, படலைத் தள்ளிக்கொண்டு, தெருவில் பாய்ந்து ஓடியது பாருங்கள் ஓட்டம்! எழுந்து நிற்கவே யோசித்த குதிரை நாலு கால் பாய்ச்சலில் போகிறது. உபகாரசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். தெரு முக்கில் டீக்கடை செம்மலை ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டுச் செல்லை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டே கூட ஓடினார். மைனர் நேரே ஊருணிக்குப் போய்த் தண்ணீரில் மூஞ்சியை விட்டது விட்டதுதான், லேசில் எடுக்கவில்லை.

"டிரைவரே, நடக்கவே முடியலன்னீக! என்னத்தக் குடுத்தீக?" என்று மூச்சு வாங்கக் கேட்டார் செம்மலை.

உபகாரசாமியின் முகத்தில் பெருமை பொங்கி வழிந்தது. "மஞ்சள்யா! வெறும் மஞ்சள்! என் கையால பிசஞ்சு குடுத்தேன். வாலிபம் திரும்பிருச்சு பாரு! ஊருணியக் கண்டதும் குளிக்கப் பாயிது!"

வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். உபகாரசாமியின் வாய் அன்றைக்குக் காரைக்குடி முழுக்கப் போய்வந்தது. செம்மலையின் வீடியோ வாட்ஸப்பில் குரூப் குரூப்பாகப் பறந்தது. மத்தியானத்துக்குள் ஆளாளுக்கு போன். மூட்டுவலிக்காரர்கள் எத்தனை கரண்டி, எந்த வேளை என்று கேட்டார்கள். இவரும் கூச்சமே இல்லாமல் வைத்தியம் சொன்னார். சாயங்காலம் பள்ளத்தூரிலிருந்து செட்டியார் வீட்டு உமையாள் ஆச்சி போனில் வந்தார். தையில் அவருடைய மகளுக்குக் கல்யாணம்.

"டிரைவரே, வீடியோ பாத்தேன். மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் சொல்லித்தான் வச்சிருந்தோம். மைனர் ஓடுற ஓட்டத்தைப் பாத்ததும் மனசு மாறிப்போச்சு. என்னைக் கட்டிக்கிட்டவுகளும் குதிரையிலதான் வந்தாக. மாப்பிள்ளையையும் அப்படியே கூட்டிக்கிட்டு வரணும். முடியும்ல?"

"முடியுமாவாச்சு! மாப்பிள்ளைய ராசா மாதிரிக் கொண்டாந்து எறக்குறேன் ஆச்சி. என் பொறுப்பு."

நாள் முழுக்கக் கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பாவம் மனுசன் என்று இன்பமேரி பாலைக் காய்ச்சி, அவர் அரைத்துவந்த பையிலிருந்தே மஞ்சள்தூளைப் போட்டு, மிளகு தட்டி, ஆற்றிக் கொடுத்தாள். உபகாரசாமி ஒரே மடக்காகக் குடித்தார்.

"ஐயோ மாதாவே!"

துள்ளிக் குதித்து எழுந்தவர் கொல்லைக்கு ஓடி, தொட்டித் தண்ணீரில் வாயை வைத்தார். பக்கத்தில் மைனர் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இன்பமேரி தூளை நுனி விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. "மொளகா ஓடுன மிஷின்ல போட்டு அரச்சீகளா? வாய் வெந்து ஓடுன குதிரையவா வாலிபம் திரும்பிருச்சுன்னு ஊரெல்லாம் சொன்னீக?" என்று சிரிக்க ஆரம்பித்தவள், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு அடங்கியதும் சொன்னாள்: "ஆச்சிக்குப் போனப் போட்டு நெசத்தச் சொல்லிருங்க."

"ஊருபூராச் சிரிக்கும் மேரி."

"சிரிச்சாச் சிரிக்கட்டும். சிரிச்ச வாய் மூடிக்கும். குதிரைக்குக் கால் ஒடிஞ்சா ஒட்டுமா?"

உபகாரசாமி வாயைத் துடைத்துக்கொண்டு மைனர் பக்கம் திரும்பிக்கொண்டார். போன் போடவில்லை. ஊரே அவரை வைத்தியராக்கி வைத்திருக்கிறது. போகிற இடமெல்லாம் "மஞ்சள் டிரைவர்" என்று கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுக்கிறார்கள். எல்லாம் மிளகாய் செய்த வேலை என்று எப்படிச் சொல்வது? கல்யாணத்துக்குத்தான் நாள் கிடக்கிறதே, அதற்குள் நிஜமாகவே குணப்படுத்திவிட்டால் போயிற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அதற்கப்புறம் அவர் செய்ததில் ஒரு குறை சொல்ல முடியாது. காலையில் மில் திறக்கும் முன்பே போய் நின்று மஞ்சளை அரைத்து வாங்கினார். டாக்டர் சொன்ன அளவை மீறவில்லை. மிளகு, எண்ணெய் எதுவும் தவறவில்லை. தரையில் வைக்கோலை மெத்தை மாதிரிப் பரப்பினார். வெயில் ஏறும் முன் மைனரைப் பிடித்துக்கொண்டு ஊருணிக் கரையில் மெல்ல நடந்தார். மைனருக்கும் சுகம் தெரிந்தது. எழுந்திருக்க முன்போலத் திணறவில்லை. முட்டி வீக்கம் வற்றியிருந்தது. மஞ்சள் வாசம் வந்தாலே சட்டியைப் பார்த்துக் கனைக்க ஆரம்பித்தது. மஞ்சளால் வந்ததா, மருந்தால் வந்ததா, நடையால் வந்ததா என்று யார் கண்டது? உபகாரசாமியைக் கேட்டால் மஞ்சள் என்றுதான் சொல்வார்.

மறுபடி பார்க்க வந்த டாக்டர் கீர்த்திக்கும் சந்தோஷம். "நல்லா நடக்குதே! இப்படியே தொடருங்க. ஆனா ஆள் மட்டும் ஏத்தக் கூடாது, ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கும்மா, இருக்கு" என்றார் உபகாரசாமி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. கதவுக்குப் பின்னால் நின்ற இன்பமேரி தலையில் அடித்துக்கொண்டாள்.

கல்யாண நாள் வந்தது. மைனரைக் குட்டியானை என்கிற சின்ன லாரியில் ஏற்றிப் பள்ளத்தூருக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளையார் கோயில் வாசலிலிருந்து பெண் வீடு வரைக்கும் ஊர்வலம். வண்டியிலிருந்து பலகை வழியே இறங்கும்போது மைனர் கொஞ்சம் தயங்கியது. வண்டி ஆட்டத்தில் வந்த அசதி, போகப் போகச் சரியாகும் என்று உபகாரசாமி அதன் முதுகில் சேணம் கட்டிச் சரிகை விரிப்பைப் போட்டார், நெற்றியில் குஞ்சம் கட்டினார், கழுத்தில் மாலை போட்டார். பார்த்தவர்களெல்லாம் "இதுதான் அந்த மஞ்சள் குதிரை" என்று செல்லை நீட்டினார்கள். உபகாரசாமியும் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

அப்புறம் மாப்பிள்ளை வந்தார். கார்த்திகேய சிவம் என்று பெயர். பெங்களூரில் வேலை. நல்ல வளர்த்தி, வளர்த்திக்குக் குறையாத அகலம். பட்டு வேட்டியும் மாலையுமாக அவர் நடந்து வந்தபோது உபகாரசாமி அவரையும் மைனரின் முதுகையும் மாறி மாறிப் பார்த்தார். மாப்பிள்ளை ஏற ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார்கள். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்தார். உமையாள் ஆச்சி மகளிடம் காட்டுவதற்காகச் செல்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றார்.

மாப்பிள்ளை முக்காலியில் ஏறி, அங்கவடியில் ஒரு காலை வைத்து அழுத்தினார்.

மைனர் அசையவில்லை. வாழ்நாளெல்லாம் பழகிய வேலையல்லவா? ஆள் ஏறப்போகிறது என்று தெரிந்ததும் நாலு காலையும் ஊன்றிக் கல்தூண் மாதிரித்தான் நின்றது. ஆனால் கடிவாளத்தைப் பிடித்துக் குனிந்து நின்ற உபகாரசாமிக்கு அதன் முன்னங்கால் முட்டி தெரிந்தது. அது வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. வலிக்கிறது என்று உதைக்கவில்லை, ஒதுங்கவில்லை. அவர் நிற்கச் சொன்னார், அது நின்றது, அவ்வளவுதான்.

"எறங்குங்க!" என்று கத்தினார் உபகாரசாமி. "எறங்குங்க மாப்பிள்ளை, எறங்குங்க! காலை எடுங்க!"

நாதஸ்வரம் பாதியில் நின்றுபோனது. மாப்பிள்ளை திடுக்கிட்டு இறங்கினார். கூட்டம் முழுக்க உபகாரசாமியைத் திரும்பிப் பார்த்தது.

"என்ன டிரைவரே, நல்ல நாளும் அதுவுமா?" ஆச்சிக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "கார் வேணாம்னு சொல்லி அனுப்பிச்சாச்சு. நல்ல நேரம் போய்க்கிட்டு இருக்கு. உங்க பொறுப்புன்னு சொன்னீகளே!"

உபகாரசாமி கை கூப்பினார். "ஆச்சி, மன்னிக்கணும். அந்த வீடியோவுல இது ஓடுனது மஞ்சளால இல்ல. மொளகா ஓடுன மிஷின்ல மஞ்சள அரச்சுட்டேன். வாய் எரிஞ்சு தண்ணிக்குத்தான் ஓடுச்சு. அதுல ஆள் ஏத்தக் கூடாதுன்னு டாக்டர் ரெண்டு தடவ சொன்னாக. நான்தான் வாய்க்கு வந்ததச் சொல்லிப்புட்டேன். இப்பப் பாரம் ஏத்துனா விழுந்துரும் ஆச்சி. விழுந்தா எந்திரிக்காது."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அது அப்படியே பரவியது. தவில்காரர் தவிலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். அவமானத்தில் உபகாரசாமிக்குக் காது மடல் சுட்டது.

ஆச்சி சிரிக்கவில்லை. கிட்டே வந்து, பட்டுப்புடவையைச் சற்றே தூக்கிக்கொண்டு குனிந்து, மைனரின் முட்டியைப் பார்த்தார். நடுக்கம் இன்னும் நிற்கவில்லை.

"வாயில்லாச் சீவன வதச்சு எம்மக கல்யாணம் ஆக வேணாம்" என்று நிமிர்ந்தார். "மாப்பிள்ளை, நீங்க கடிவாளத்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்தே வாங்க. குதிரையும் கூட வரட்டும். மேளத்தை வாசிங்கய்யா, ஏன் நின்னுக்கிட்டு இருக்கீக?"

ஊர்வலம் கிளம்பியது. மைனர் வைக்கிற எட்டுக்குத் தக்கபடி நாதஸ்வரக்காரர் மெதுவாக வாசித்தார். ஒரு பக்கம் மாப்பிள்ளை, மறுபக்கம் உபகாரசாமி. பின்னால் "மொளகா டிரைவர்" என்று புதுப் பெயர் சூட்டிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

கொஞ்ச தூரம் போனதும் மாப்பிள்ளை குதிரையின் கழுத்துக்கு அடியில் குனிந்து ரகசியமாகச் சொன்னார்: "அண்ணே, யாருகிட்டயும் சொல்லிராதீங்க. எனக்குச் சின்ன வயசுலேருந்தே குதிரைன்னாப் பயம். அத்தை ஆசைப்பட்டாங்களேன்னுதான் ஒத்துக்கிட்டேன். ஒரு வாரமா சரியாத் தூக்கமே இல்லை. நீங்க இறங்குங்கன்னு சொன்னீங்க பாருங்க, உசுரு வந்துச்சு."

உபகாரசாமி அப்படியே மலைத்துப்போனார். மாப்பிள்ளைக்கு வேண்டாம். ஆச்சியோ அந்த வீடியோ வரும்வரை காரைச் சொல்லிவிட்டுச் சிவனே என்று இருந்தவர். மைனருக்கோ சொல்ல வாயில்லை. அப்படியானால் இந்தச் சவாரியைக் கேட்டது யார்? தன்னுடைய வாய் ஒன்றைத் தவிர உலகத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அதற்காகவா இந்தக் கிழட்டு முதுகில் ஆளை ஏற்றப் பார்த்தோம் என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மன்னிச்சுக்கடா மைனரு" என்றார் அதன் கழுத்தில் கையை வைத்து. "இனிமே ஒருத்தரையும் ஏத்தமாட்டேன்."

"என்ன மொளகா டிரைவரே, குதிரைகிட்ட என்ன பேச்சு? எங்ககிட்டயும் சொல்லுங்களேன்!" என்று பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

உபகாரசாமி திரும்பிப் பார்க்கவில்லை. பதிலும் சொல்லவில்லை. மைனர் அடுத்த காலை எடுத்து வைக்கும்வரை நின்று, அது வைத்த பிறகு தானும் வைத்தார்.